சம்பந்தி, வாயத் தொறங்க

என் அம்மாவுக்குக் கடவாய்ப்பல் பிடுங்கிய கதை ஈப்போவில் எங்கள் குனோங் ராபாட் முழுக்கத் தெரியும். அதற்காக அவர் மூன்று வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். திரும்பி வந்தபோது இடது கன்னம் உள்வாங்கியிருந்தது. வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. முப்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருந்த வெற்றிலையையும் விட்டிருந்தார். பிடுங்கிய பல் மட்டும் வாயிலேயே இருந்தது. இதை யாரும் கவனிக்கவில்லை.

கதையைக் கட்டியவன் நான். அப்போது எனக்குப் பதினேழு வயது. அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. நகராட்சி லோரி ஓட்டும் சின்னையா என்றால் நேர்மைக்குப் பெயர் போனவர் என்பார்கள். உண்மையில் அவருக்குக் கற்பனை போதாது. அதனால் பொறுப்பை என்னிடம் விட்டார்.

"பல்லு குறுக்கால மொளச்சிருச்சாம். அறுத்துத்தான் எடுக்கணுமாம்" என்று பக்கத்து வீடுகளில் சொல்லி வைத்தேன். கேட்டவர்கள் தங்கள் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். வேறு கேள்வி வரவில்லை.

காரணம் நவமணி அக்கா. அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு. "குடும்பத்துல அது இருக்குன்னு தெரிஞ்சா எவன்லா பொண்ணு கேட்டு வருவான்?" என்றார் அப்பா. 'அது' என்றால் புற்றுநோய். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு உள்ளே வர அனுமதி கிடையாது. மூன்று வருடம் 'அது' என்றே வாழ்ந்தோம்.

உண்மையில் நடந்தது இதுதான். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். பால் வெட்டிய அம்மா, ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ கோரேங் நூடுல்ஸ் கிண்டும் வேலையில் சேர்ந்தார். எண்பத்தொன்றாம் வருடம் அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் ஒருவர் வந்தார். பிள்ளைகள் முடிந்ததும் நாற்காலி காலியாக இருந்தது. அம்மாவுக்கு எந்த நாற்காலியும் காலியாக இருக்கக் கூடாது. போய் உட்கார்ந்து, "எனக்கும் பாரு மிஸ்ஸி" என்றார்.

மிஸ்ஸி பார்த்தார். இடது கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு. பஞ்சால் துடைத்தார், போகவில்லை. வலிக்கிறதா என்றார், வலிக்கவில்லை. அன்றே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வலிக்காத வாய்க்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று அப்பா கேட்டார். கடிதம் ஓசியில் கிடைத்ததால் அம்மா போனார்.

திட்டை வெட்டியெடுத்த டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு விஷயம் சொன்னார். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் இனி ஜென்மத்துக்கும் கூடாது. மாதத்துக்கு ஒருமுறை வாயை நீங்களே பார்க்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் தேதி குளித்துவிட்டுப் பின்வாசலில் நின்று, ஒரு கையில் கண்ணாடி, ஒரு கையில் டார்ச், கன்னத்தை விலக்க ஒரு டீஸ்பூன் என்று அம்மா தன் வாய்க்குள் போய்விடுவார். அவருக்குத் தன் முகத்தைவிட அதன் உட்பக்கம் நன்றாகத் தெரியும்.

எண்பத்து நான்கில் ஜெயபாலன் வந்தார். டெலிகாமில் வேலை. நவமணி அக்கா டைப் அடிக்கும் ஆபீஸில் ஃபோன் பழுதென்று வந்து சரிசெய்தார். பிறகு பழுதே இல்லாத அதே ஃபோனை மேலும் மூன்று நாள் வந்து சரிசெய்தார். நான்காம் நாள் அவருடைய அம்மா மங்களம் எங்கள் முகவரியைக் கேட்டு அக்காவுக்கு எழுதினார்.

அவர்கள் பாகான் டத்தோ பக்கம், தென்னந்தோப்புக்காரர்கள். ஜெயபாலனுக்கு அப்பா இல்லை. எல்லாவற்றையும் முன்னின்று பேசுகிறவர் மங்களம் அத்தையின் அண்ணன் சன்னாசி. கோயில் கமிட்டிச் செயலாளர். வாயில் எப்போதும் வெற்றிலை இருந்தாலும் பேச்சு நிற்காது. இரண்டையும் ஒரே வாய் எப்படித் தாங்கியது என்று நான் வியந்ததுண்டு.

பெண் பார்க்க வந்தவர்கள் நிச்சயத்துக்கு ஆவணியில் ஒரு ஞாயிறு குறித்தார்கள். போகும்போது சன்னாசி மாமா ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

"எங்க ஆளுங்கள்ல தட்டு மாத்தினா மட்டும் பத்தாதுங்க. சம்பந்தி ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வெத்தல மடிச்சுக் குடுத்து, சபையில மெல்லணும். ரெண்டு வாயும் செவந்தாத்தான் பேச்சு நெலச்சு நின்னதா அர்த்தம்."

அப்பா அன்று சாப்பிடவில்லை. "ஒரு வாட்டிதான்லா நல்லம்மா" என்றார் மறுநாள்.

"ஒரு வாட்டின்னுதான் பதினஞ்சு வயசுல ஆரம்பிச்சேன்."

திட்டம் மறுபடியும் என்னிடம் வந்தது. வெறும் இலையை மட்டும் வாயில் ஒதுக்குவது, முன்கூட்டியே ரோஸ் சிராப்பைக் கலக்காமல் ஒரு மடக்கு குடித்து உதட்டைச் சிவக்க வைப்பது, இரண்டு நிமிடத்தில் பின்பக்கம் போய்த் துப்புவது. அம்மா சம்மதித்தார். சிராப் பாட்டிலை நானே வாங்கினேன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படித்த படிப்பு அதுவரை வீட்டுக்கு இவ்வளவு உதவியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் நிறைய வந்தார்கள். கூடத்தில் பாய். பாயில் தட்டுகள். தட்டுகளில் ஆப்பிள், வாழைப்பழம், தேங்காய், புடவை. அம்மாவின் உதடு தேவைக்கு அதிகமாகவே சிவந்திருந்தது. தட்டு மாற்றும் முன்பே பேச்சு நிலைத்துவிட்டதுபோல.

தட்டு வைத்தாயிற்று. மங்களம் அத்தை வெற்றிலையைத் தொடையில் துடைத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவினார். பெரிய சரீரம், பெரிய சிரிப்பு. சன்னாசி மாமா ஏதோ சொன்னார். அத்தை தலையை அண்ணாந்து, வாய் நிறையச் சிரித்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் மாறியது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். அது முதல் தேதி முகம்.

"சம்பந்தி, இடது கன்னத்துல என்ன அது?"

"எங்க?" அத்தை கன்னத்தைத் தொட்டார்.

"உள்ளார."

"சுண்ணாம்பு பட்டிருக்கும்லா."

"தொடச்சா போகுதா?"

அத்தை வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார். "போகல. ஆனா வலிக்கல."

"எத்தன நாளா?"

"சித்திரையில பாத்த ஞாபகம். எதுக்குக் கேக்கறீங்க?"

அம்மா என் பக்கம் திரும்பினார். "சீனி, டார்ச் எடுத்தா" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்தார். சமையலறைக் கதவிடுக்கில் நவமணி அக்காவின் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் வேண்டாம் என்றது. பேட்டரி இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்று வருடம் ஊரையே நம்பவைத்தவனுக்கு இரண்டு பேட்டரி பெரிய விஷயமில்லை. ஆனால் முதல் தேதி முகத்திடம் நான் பொய் சொன்னதில்லை. எடுத்துவந்து கொடுத்தேன்.

"சம்பந்தி, வாயத் தொறங்க."

"என்னாங்க இது" என்றார் சன்னாசி மாமா. "பொண்ணு பாத்தாச்சு, தட்டு வெச்சாச்சு, இப்ப பல்லு பாக்கறீங்களா? மாடா வாங்கறீங்க?"

"மாட்டுக்கே பாக்கறாங்கல்ல அண்ணே. மனுஷிக்குப் பாத்தா என்ன?"

"நல்ல காரியத்துல சக்கிட்டு, சீக்குன்னு பேச்சு எதுக்குங்க? அபசகுனம்."

"அது உள்ள ஒக்காந்திருக்கு. நான் பேசாட்டி எந்திரிச்சுப் போயிருமா?"

மங்களம் அத்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அவரைப் பார்த்தே அம்மா சொன்னார்: "எனக்கு இருந்துச்சுங்க. இதே எடத்துல. இதே மாதிரி வெள்ளையா, வலியே இல்லாம. புத்துநோய்."

மூன்று வருடம் வாசலில் நிறுத்தி வைத்த சொல் கூடத்தின் நடுவில், ஆப்பிள்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அம்மா அதோடு விடவில்லை. விரலால் உதட்டை ஒதுக்கி, தழும்பை எல்லாருக்கும் தெரியும்படி டார்ச் அடித்துக் காட்டினார். "கடவாப்பல்லுன்னு சொன்னது பொய். பல்லு இங்கதான் இருக்கு. பாத்துக்குங்க."

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப மறைச்சுப் பொண்ணு குடுக்கப் பாத்திருக்கீங்க" என்றார் சன்னாசி மாமா.

"ஆமா. மறைச்சோம். தப்புதான்."

"அந்தச் சீக்கு ஒட்டுமா?"

"ஒட்டறதா இருந்தா மொதல்ல இந்த மனுஷன் போயிருப்பாரு" என்று அம்மா அப்பாவைக் காட்டினார். அப்பா காற்றாடியிலிருந்து கண்ணை எடுத்து, தான் உயிரோடு இருப்பதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

மங்களம் அத்தை எழுந்தார். பாதி மடித்த வெற்றிலை பாயில் விழுந்தது. "அண்ணே, போலாம்."

அவர்கள் தட்டுகளை அவர்களே எடுத்தார்கள். அவசரத்தில் எங்கள் ஆப்பிள் தட்டு ஒன்றும் போயிற்று. ஜெயபாலன் வாசலில் ஒருமுறை திரும்பி நின்றார். வேன்காரன் ஹாரன் அடித்தான்.

நவமணி அக்கா தலையில் பூவோடு கூடத்துக்கு வந்தார்.

"ஒரு மணி நேரம்மா. ஒரு மணி நேரம் பேசாம இருந்திருக்கலாம்ல? அப்புறமா சொல்லிருந்தா என்ன?"

"அப்புறம்னா எப்ப?"

"கல்யாணத்துக்கு அப்புறம்."

"கல்யாணம் தை மாசம். அஞ்சு மாசம் இருக்கு." அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டே பேசினார். "என்னுதையே அஞ்சு மாசம் விட்டிருந்தா நாக்கையும் எடுத்திருப்போம்னு டாக்டர் சொன்னாரு. அதுக்கும் மேல விட்டிருந்தா ஆளே இல்ல. அந்தம்மாவுக்குச் சித்திரையிலேருந்து இருக்கு. ஒனக்கு மாமியா வேணுமா, மாமியா படம் வேணுமா?"

"எனக்குக் கல்யாணம் வேணும்" என்றார் அக்கா. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பிறகு அக்கா ஒன்பது நாள் அம்மாவோடு பேசவில்லை. அப்பா யாரோடும் பேசவில்லை. என்னோடு மட்டும் எல்லோரும் பேசினார்கள்: "ஏன்டா சீனி, அந்தப் பல்லு மறுபடியும் மொளச்சிருச்சா?" குனோங் ராபாட்டில் நான் கட்டிய ஒரே கட்டடம் இடிந்துவிட்டது.

பாகான் டத்தோவிலிருந்து செய்தி வரவில்லை. அம்மா மட்டும் மீ கிண்டினார், சிரித்தார், கேட்டவர்களிடம் "ஆமா, புத்துநோய்தான். ஒன் வாயக் காட்டு" என்றார். பாதிப் பேர் தெருவை மாற்றி நடந்தார்கள். இரண்டு பேர் காட்டினார்கள்.

பத்தாம் நாள் காலையில் அம்மா நல்ல புடவை கட்டியிருந்தார். கைப்பையில் டார்ச்.

"சீனி, கெளம்பு. பாகான் டத்தோ போலாம்."

"கல்யாணம் பேசவா?"

"வாயப் பேச."

வாசலில் நவமணி அக்கா நின்றிருந்தார். ஒரு தாளை நீட்டினார். ஆபீஸ் தாள், அழகாக டைப் அடித்தது. "வெள்ளிக்கெழமதான் வாய் கிளினிக். ஏழரைக்குள்ள போயி நம்பர் எடுக்கணும். பொறப்பு சூரா பத்திரமும் அடையாளக் கார்டும் கொண்டாரணுமாம். ஃபோன் பண்ணிக் கேட்டேன்."

மூன்று நாள் வீணாகச் சரிசெய்யப்பட்ட ஃபோனுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. அம்மா தாளை வாங்கிக்கொண்டார். "சாப்பாடு அடுப்புல இருக்கு" என்றார். அவர்கள் சமாதானம் ஆனது அவ்வளவுதான்.

தெலுக் இந்தான் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. மங்களம் அத்தை வீட்டு முன்னால் தேங்காய் மட்டை மலையாகக் குவிந்திருந்தது. மலைக்கு இந்தப் பக்கம் சன்னாசி மாமா, மென்றுகொண்டு.

"எதுக்கு வந்தீங்க? பேச்சுத்தான் முடிஞ்சிருச்சே."

"ஒங்க பேச்சு முடிஞ்சிருச்சு அண்ணே. எனக்கு மங்களத்துக்கிட்ட வேல."

"அவளுக்கு ஒன்னுமில்ல. மாரியாத்தாளுக்கு வேண்டியிருக்கோம். வெரதம் இருந்தா போயிரும்."

"வேண்டிக்குங்க. நானும் வேண்டினேன். ஆஸ்பத்திரி பஸ்ஸுல ஒக்காந்துக்கிட்டே வேண்டினேன்."

உள்ளேயிருந்து மங்களம் அத்தை வந்தார். பத்து நாளில் உடம்பு இறங்கியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. முதலில் எனக்கு அடையாளம் தெரியாமல் போனதே அதனால்தான். வெற்றிலை இல்லாத அவருடைய வாயை நான் பார்த்ததில்லை.

"அக்கா" என்றார். சம்பந்தி என்று கூப்பிடவில்லை. "கண்ணாடியில பாத்தேன். உப்பு வெச்சுத் தேச்சேன். நகத்தால சொரண்டினேன். போகலக்கா. ஆனா வலிக்கவே இல்லையே."

"அதான் நல்ல நேரம். பால்மரத்துப் பட்டையில கறுப்பு விழுந்தா நாங்க என்னா செய்வோம்? அன்னிக்கே சொரண்டி மருந்து பூசுவோம். மரம் சாயட்டும், அப்புறம் பூசலாம்னு எந்தக் கங்காணியும் சொன்னதில்ல. மரத்துக்கு வலிக்குதான்னும் கேட்டதில்ல."

"வெட்டுவாங்களா?"

"மொதல்ல துளியூண்டு கிள்ளிப் பாப்பாங்க. கெட்டதா இருந்தா வெட்டுவாங்க."

"மூஞ்சி?"

அம்மா தன் முகத்தை அத்தைக்கு நேராக நீட்டினார். "இவ்வளவுதான். நல்லாப் பாத்துக்கோ. சோத்த சின்ன உருண்டையா உருட்டணும். கொட்டாவி விட முடியாது. மத்தபடி வாயாடறதுக்கு ஒரு கஷ்டமும் சூசாவும் இல்ல. இவனக் கேளு."

இல்லை என்று உறுதிப்படுத்தினேன்.

மங்களம் அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் ஆஸ்பத்திரிக்கு வந்து, அதுதான்னு சொல்லிட்டா, எம்மவன் கல்யாணம்..."

"கல்யாணம் நடக்கட்டும், நடக்காமப் போகட்டும். சம்பந்தியா வர வேணாம். பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரியா வா."

சன்னாசி மாமா வாயைத் திறந்தார். அத்தை அவரைத் திரும்பிப் பார்க்காமல், "அண்ணே, ரெண்டு சேலைய மட்டும் பையில வெக்கச் சொல்லுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே எங்களிடம் நான்காம் நம்பர் இருந்தது. கிள்ளியெடுத்துப் பார்த்தார்கள். பதில் வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் மங்களம் அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தார். மாமியாரும் மருமகளும் கல்யாணம் முறிந்த நிலையில் ஒரே அறையில் படுத்துக்கொண்டார்கள். ஜெயபாலன் தினமும் தன் அம்மாவைப் பார்க்க வந்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு நெடுநேரம் இருந்தார். அவர் வந்துபோக ஒரு காரணம் கிடைத்ததில் அவர் ஒருவர்தான் அந்த நோய்க்குக் கொஞ்சம் கடன்பட்டவர்.

பதில் வந்தது. புற்றுநோய்தான். ஆனால் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, கன்னத்தைத் தாண்டி எங்கும் போகவில்லை என்றார் டாக்டர். சின்ன வெட்டு. அம்மாவுக்கு மூன்று வாரம் பிடித்தது, அத்தை எட்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இதில் அம்மாவுக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

அத்தை ஆஸ்பத்திரியில் பேச முடியாமல் கிடந்த நாளில் சன்னாசி மாமா கட்டில் பக்கத்தில் நின்று, "கன்னத்தோட துணியச் சுத்திப் பல்லுவலின்னு சொல்லிக்கலாம்" என்று யோசனை சொன்னார். என் பொய்க்கு வாரிசு வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மங்களம் அத்தை நோட்டை வாங்கி எழுதினார்: 'எல்லாருக்கும் உள்ளதைச் சொல்லு. தை மாசத்தில் மாற்றம் இல்லை.' கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டார்.

கார்த்திகையில் மறுபடியும் இரண்டு வேன், அதே கூடம், அதே பாய். போன தடவை போன எங்கள் ஆப்பிள் தட்டு வேறு ஆப்பிள்களோடு திரும்பி வந்தது. தட்டில் சாமிக்கு வெற்றிலை இருந்தது. யார் வாயிலும் இல்லை. சன்னாசி மாமா வாய் தவிர.

தட்டை எடுக்கும் நேரத்தில் அவர் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரிங்க. ஆனா வாய் செவக்காம பேச்சு எப்படி நிக்கும்? வழக்கம்னு ஒன்னு இருக்குல்ல."

"இருக்குண்ணே" என்றார் மங்களம் அத்தை. பேச்சில் கொஞ்சம் ஈரம் கூடியிருந்தது, வேறு வித்தியாசமில்லை. "ரெண்டு சம்பந்தியும் சபையில வாயக் காட்டணும். காட்டறோம்."

அம்மா டார்ச்சை எடுத்தார். மங்களம் அத்தை தன்னால் முடிந்த அளவு வாயைத் திறந்தார். அம்மா வலது, இடது, நாக்கின் அடி என்று பார்த்தார். டார்ச் கை மாறியது. அத்தை அம்மாவின் இரண்டு விரல் வாயில் அதேபோல் பார்த்தார். "சுத்தம்" என்றார். "சுத்தம்" என்றார் அம்மா. கூடத்தில் முப்பது பேரும் அந்த இரண்டு வாயையே பார்த்தார்கள். எங்கள் அப்பாகூடக் காற்றாடியைப் பார்க்கவில்லை.

"இப்ப தட்ட எடுக்கலாமா?" என்றார் சன்னாசி மாமா.

"மாப்பிள்ளைக்குத் தாய்மாமா நீங்கதானே, தட்டு ஒங்க கையிலேருந்துதானே வரணும்" என்றார் அத்தை. "நீங்க காட்டாம எப்படி? தொறங்கண்ணே."

"எனக்கு என்னா? கல்லு மாதிரி இருக்கேன்."

"நானும் அப்படித்தான் இருந்தேன்."

மாமா வாயை மூடிக்கொண்டார். அவருடைய வாய் மூடியிருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. கூடத்தில் ஒருவர் இருமினார். நல்ல நேரம் முடிய இருபது நிமிடம் இருந்தது. சமையலறைக் கதவு திறந்தது. நவமணி அக்கா, மணப்பெண் இந்த நேரத்தில் வெளியே வரக் கூடாது என்பதை மறந்து, ஒரு செம்பு தண்ணீரையும் எச்சில் படிக்கத்தையும் கொண்டுவந்து மாமாவின் முன்னால் வைத்தார்.

"கொப்புளிங்க மாமா."

மாமா செம்பை எடுத்தார். பிறகு கொப்பளித்தார். மூன்று தடவை. படிக்கம் சிவந்தது. அவர் வாயைத் திறந்தார்.

அம்மா டார்ச் அடித்தார். கூடம் முழுக்க எட்டிப் பார்த்தது. இரண்டு தங்கப்பல், மற்றவை எல்லாம் ஒரே கறை. அம்மா டீஸ்பூனால் கன்னத்தை ஒதுக்கினார். அவசரப்படவில்லை. சன்னாசி மாமாவின் நெற்றியில் வியர்வை கோடு போட்டு இறங்கியது.

"ஒன்னும் தெரியல அண்ணே" என்றார் அம்மா, டார்ச்சை அணைத்து. "வெத்தலைய விட்டுருங்க. ஆனாலும் வெள்ளிக்கெழம போயி ஒரு வாட்டிக் காட்டிருங்க. நான் மீ கிண்டறவ, டாக்டரு இல்ல."

எல்லோரும் தட்டை நோக்கித் திரும்பினார்கள். சன்னாசி மாமா மட்டும் திரும்பவில்லை. எழப்போன அம்மாவின் முந்தானையை இரண்டு விரலால் பிடித்தார். அடித்தொண்டையில், கமிட்டிக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"அந்தப் பக்கம் சரியாப் பாக்கல போல. இன்னொரு வாட்டி அடிங்க தங்கச்சி."

அம்மா மறுபடியும் உட்கார்ந்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் டார்ச் அடித்தார்.